ஈராசிரியர் பள்ளியில் முதல் பருவம்: புதிய தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முதன்முறையாகப் பணியேற்கும் இடைநிலை ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் 4, 5 ஆம் வகுப்புகளை வைத்துக்கொள்வார். உங்களிடம் 1, 2, 3 வந்து சேரும். பாடக்குறிப்பு எழுதப் பயிற்சி நிறுவனத்தில் கற்றிருப்பீர்கள். மூன்று வகுப்புக் குழந்தைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போது எதை முதலில் செய்வது என்பதை அங்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

குடியாத்தம் பக்கத்தில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதிதாக வருபவர்கள் ஆர்வத்தோடும் படிப்போடும்தான் வருகிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது வேலையின் வரிசை. முதல் நாளே புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தைக்கு எது தெரியும் என்பது ஆகஸ்டு மாதத்தில்தான் தெரிய வருகிறது. அதற்குள் பாதிப் பருவம் போய்விடும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே இவற்றைச் சேர்த்து வையுங்கள்: போன ஆண்டு வருகைப் பதிவேடு, எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) ஆசிரியர் கையேடுகள், 1 முதல் 3 வகுப்பு வரையிலான முதல் பருவப் பாடநூல்கள், நூறு பக்க நோட்டு ஒன்று, பழைய நாட்காட்டித் தாள்கள், ரப்பர் பேண்டு, தென்னை ஈர்க்குச்சி, ஒரு படி புளியங்கொட்டை. கடைசி மூன்றும் கணக்குப் பாடத்துக்கு.

நூறு பக்க நோட்டுதான் இவற்றில் முக்கியமானது. குழந்தைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். அது உங்களுக்காக எழுதுவது, பருவம் முடியும் வரை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அலுவலகப் பதிவேடுகளில் குழந்தையின் பெயரும் எண்ணும் இருக்கும். குழந்தை இருப்பது இந்த நோட்டில்தான்.

2. ஊருக்குள் ஒரு முறை நடந்து வாருங்கள்

குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கிறது. அது முடிந்து ஊர் சற்று ஓய்ந்திருக்கும் மே கடைசி வாரம் இதற்கு ஏற்ற சமயம். காலையிலோ மாலையிலோ போங்கள். நடுப்பகல் வெயிலில் வேலூர்ப் பக்கம் யாரும் வாசலில் இருக்க மாட்டார்கள்.

என்ன பார்க்க வேண்டும்? வீட்டில் என்ன தொழில், எந்த மொழி பேசுகிறார்கள், குழந்தை யாரிடம் வளர்கிறது. இந்த மூன்றும் போதும். தறி ஓடும் வீடு, பீடி சுற்றும் வீடு, தோல் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் ஆள் கிளம்பும் வீடு ஆகிய ஒவ்வொன்றிலும் குழந்தையின் காலை நேரம் வேறு மாதிரி இருக்கும். தாமதமாக வரும் குழந்தையைச் சோம்பேறி என்று நினைப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் காலை 7 மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கன்வாடிக்கும் போய் வாருங்கள். ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் குழந்தைகளை அங்குள்ள பணியாளர் இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பார்த்திருப்பார். யாருக்குக் காதில் சீழ், யார் இன்னும் சரியாகப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒரு தாய் தயங்கினால், குழந்தையை அழைத்து வரச் சொல்லுங்கள். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

3. பெயரும் மொழியும்

முதல் நாள் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைக் கூப்பிடுவீர்கள். இரண்டு மூன்று பேர் பதில் சொல்ல மாட்டார்கள். அது அடம் என்று தோன்றும். வீட்டில் அம்மு என்றும் குட்டி என்றும் கூப்பிட்டு வளர்த்த குழந்தைக்குத் தன் முழுப்பெயர் பழகியிருக்காது. வீட்டுப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

மொழி இதைவிடப் பெரிய விஷயம். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் நிறைய. தமிழ்வழி வகுப்பில் சேரும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தமிழ் தெருவில் காதில் விழுந்த மொழியாக மட்டும் இருக்கலாம். என் முதல் ஆண்டில் ஒரு பெண் குழந்தை மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. மந்தமான குழந்தை என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் அவள் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாலையில் வந்த தாய், “வீட்டில் இவள் ஓயாமல் பேசுவாள் டீச்சர், நாங்கள்தான் வாயை மூடச் சொல்ல வேண்டும்” என்றார். அந்த மூன்று வாரத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, அம்மா ஆகிய ஐந்து சொற்களையும் குழந்தையின் வீட்டு மொழியில் கற்றுக்கொள்வேன். நீள்ளு என்றாலும் பானி என்றாலும் தண்ணீர்தான். குழந்தை அதைச் சொன்னவுடன் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “தண்ணீர் வேண்டுமா?” என்று தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். திருத்த வேண்டாம்; அடுத்த மாதம் அவளே தமிழில் கேட்பாள்.

4. முதல் வாரம்: பழக்கங்கள் மட்டும்

முதல் ஐந்து நாள் புத்தகம் வேண்டாம். செருப்பை எங்கே விடுவது, தண்ணீர் எப்போது குடிப்பது, கை கழுவ எப்படி வரிசையில் நிற்பது, பேசுபவரை எப்படிக் கேட்பது, பலகையையும் கலர் பென்சிலையும் எங்கே திரும்ப வைப்பது என்று இவற்றை மட்டும் பழக்குங்கள். நீங்கள் ஒரு குழுவுக்குக் கற்பிக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் தாமாக வேலை செய்ய வேண்டும். இந்தப் பழக்கங்கள் இல்லாவிட்டால் அது நடக்காது. முதல் வாரத்தில் ஐந்து நாள் செலவழிக்காதவர்கள் ஆண்டு முழுவதும் “சத்தம் போடாதே” என்று சொல்லிச் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அமைதிக்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை கை தட்டுவேன், அவர்கள் இரண்டு முறை தட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது.

5. ஒவ்வொரு குழந்தையையும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு குழந்தைக்கு ஆறேழு நிமிடம் ஆகும். நாளுக்கு ஐந்து பேர் என்று இரண்டாவது வாரத்தில் தொடங்கினால் ஒரு வாரத்தில் 25 பேரை முடித்துவிடலாம். மற்றவர்கள் களிமண்ணோ வண்ணமோ வைத்துக்கொண்டிருக்கட்டும்.

குழந்தையை உங்கள் மேசைக்கு எதிரில் நிற்க வைக்காதீர்கள். பக்கத்தில் பாயில் உட்காருங்கள். வரிசையாக இவற்றைக் கேளுங்கள்:

முதலில் பேச்சு. “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்றால் எல்லாக் குழந்தையும் பேசும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். முன்பு சில குழந்தைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அடுத்து எழுத்து. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். “அ, ஆ சொல்” என்றால் குழந்தை ஔ வரை பாட்டாகச் சொல்லிவிடும். அது காதால் கற்ற பாட்டு. எழுத்துகளைத் தனித்தனித் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு, ‘இ’ எது என்று கேளுங்கள். பாதிப் பேர் விரலால் தாள்களை எண்ணிக்கொண்டே அ, ஆ, இ என்று மூன்றாவது தாளைக் காட்டுவார்கள். எழுத்து தெரியவில்லை, வரிசை தெரியும் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சொல். பாடநூலில் படத்தைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் காட்டுங்கள். படம் தெரிந்தால் ‘அணில்’ என்று குழந்தை படத்தை வாசித்துவிடும். கையால் மறைத்தவுடன் உங்கள் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்க்கிற குழந்தை எழுத்தில் இன்னும் நிற்கிறது என்று பொருள்.

கடைசியில், எட்டடி தள்ளிச் சுவரில் ஒட்டிய பெரிய எழுத்தைக் கேளுங்கள். பின்னாலிருந்து மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். இது மருத்துவப் பரிசோதனை ஆகாது. ஆனால் கண்ணைச் சுருக்குகிற குழந்தையும் திரும்பாத குழந்தையும் தெரிந்துவிடும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள். குழு வரும் வரை காத்திருக்க வேண்டாம். பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

6. வகுப்பைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், நிலையைப் பார்த்துப் பிரியுங்கள்

2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளைத் தருகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பில் இருக்கலாம். இரண்டாம் வகுப்புக் குழந்தை மலரில் இருக்கலாம். ஐந்தாம் படியில் எழுதிய குறிப்புகள் இருந்தால் யார் எங்கே என்பது தானாகத் தெரியும்.

காலையில் முதலில் அரும்புக் குழுவோடு உட்காருங்கள். இருபது நிமிடம். அவர்களால்தான் தனியாக வேலை செய்ய முடியாது; காலையில்தான் அவர்கள் மனம் தெளிவாக இருக்கும். அதே நேரத்தில் மலர்க் குழு வாசிக்கும், மொட்டுக் குழு நேற்றுக் கற்றதைப் பயிற்சி நூலில் செய்யும். பிறகு மொட்டுக் குழுவிடம் போங்கள். நன்றாகப் படிக்கும் குழந்தைகளிடம் முதலில் போவது நமக்குச் சுகம், உடனே பதில் வரும். அந்தச் சுகத்தில் காலை நேரம் கரைந்துவிடும்.

தனியாகச் செய்யும் வேலை ஏற்கெனவே கற்பித்ததாக இருக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் “டீச்சர், இது எப்படி?” என்று நிமிடத்துக்கு ஒருவர் வருவார். “பாடத்தைப் பார்த்து எழுது” என்று கொடுப்பதும் பயனில்லாதது. வாசிக்கத் தெரியாத குழந்தையும் அழகாகப் பார்த்து எழுதிவிடும். அந்த நோட்டைப் பார்த்து நாமும் ஏமாந்துவிடுவோம்.

மதியம் 2 மணிக்கு மேல் ஜூன், ஜூலை வெயிலில் கூரையிலிருந்து அனல் இறங்கும். அந்த நேரத்தில் புதிய எழுத்தோ கழித்தலோ வேண்டாம். கதை, பாட்டு, கைவேலை, மரத்தடி.

7. எழுத்தைக் கற்பிக்கும் வரிசை

247 எழுத்துகளையும் நெடுங்கணக்கு வரிசையில் எழுதிக் கற்பித்தால், முதல் சொல்லை வாசிக்கும் மகிழ்ச்சி குழந்தைக்கு மாதக்கணக்கில் கிடைக்காது. நான் செய்வது இது.

ட, ப, ம ஆகிய மூன்றில் தொடங்குவேன். ட ஒரு நேர்க்கோடும் ஒரு படுக்கைக்கோடும். அதன் வலப்பக்கம் ஒரு கோடு நிமிர்ந்தால் ப. அதிலிருந்து ஒரு வளைவு சேர்ந்தால் ம. கை தயங்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். கூடவே புள்ளியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், மூன்று எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைக்கின்றன. எழுத்தைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே குழந்தை வீட்டுக்குப் போய் ஒரு சொல்லை வாசித்துக் காட்டும். அதன் பிறகு அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. க சேர்ந்தால் பக்கம், கட்டம். ர, ல வந்தால் மரம், கல், பல், கடல்.

இங்கே வழக்கமாக வரும் பிழைகள்:

புள்ளியை விட்டு வாசிப்பது. பட்டம் என்பது ‘படடம’ ஆகும். புள்ளி வைத்த எழுத்தில் ஒலி நிற்கும் என்பதைக் கை தட்டிக் காட்டுங்கள். பட், டம் என்று இரண்டு தட்டு.

கொம்பு, இரட்டைக் கொம்பு. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். ‘கொ’வில் க இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது, குழந்தை அதைக் கெ, கா என்று இரண்டாகப் பிரிக்கும். இதற்காகத் தண்டிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் அமைப்பே அப்படி. குழந்தை கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறது. நடுவில் உள்ள எழுத்தின் மேல் முதலில் விரலை வைக்கச் சொல்லி, பிறகு இருபுறமும் பார்க்கச் சொல்லுங்கள். கா, கி, கு நன்றாகப் பழகிய பிறகே கெ, கே, கொ, கோ பக்கம் போங்கள்.

ஒரே எழுத்து, இரண்டு ஒலி. கல் என்பதில் ஒலிக்கும் க வேறு, பகல் என்பதில் ஒலிக்கும் க வேறு. தெலுங்கு, உருது பேசும் குழந்தைகளுக்கு இது உண்மையான குழப்பம், அவர்கள் காது அதைப் பிரித்துக் கேட்கிறது. விதி சொல்ல வேண்டாம். கல், பகல், பல், கபம் என்று சொற்களை அருகருகே வாசிக்க வையுங்கள், நாக்கு கற்றுக்கொள்ளும்.

ல, ள, ழ வேறுபாட்டை முதல் பருவத்தில் எழுத்தில் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் சரியாக உச்சரித்தால் போதும். ஆசிரியர் வாயில் ழ இல்லாமல் மாணவர் வாயில் வராது.

8. எண்: 105 என்ற தடை

ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதும் எண் தெரிவதும் வேறு வேறு. மூன்றாம் வகுப்பில் ‘நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். பலர் 1005 என்று எழுதுவார்கள். நூறு என்று கேட்டது, 100 எழுதினார்கள். ஐந்து என்று கேட்டது, 5 எழுதினார்கள். தவறு என்று சிவப்பு மையில் அடித்தால், ஏன் தவறு என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்படி 1005 எழுதிய ஒரு சிறுமியிடம், “நான்கு கட்டு பீடி என்றால் எத்தனை?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். கண் இமைப்பதற்குள் “நூறு” என்றாள். ஒரு கட்டுக்கு 25. அவள் தாய் சுற்றுகிற தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். அவளுக்கு எண் தெரியும். தாளில் எழுதும் முறைதான் தெரியவில்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. தரையில் சுண்ணக்கட்டியால் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் வரைந்து, நூற்று ஐந்தை வைக்கச் சொல்லுங்கள். ஒரு பெரிய கட்டு, நடுக் கட்டம் காலி, ஐந்து உதிரிக் குச்சி. “நடுவில் ஒன்றும் இல்லை என்பதை எப்படி எழுதுவது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சிறுமி குச்சியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், நோட்டில் இருந்த ஒரு சுழியத்தைத் தானே அழித்தாள்.

புளியங்கொட்டை ஒன்றாம் வகுப்புக்கு: 9 வரை எண்ணவும் கூட்டவும். கட்டு என்ற கருத்து பதியாமல் கடன் வாங்கிக் கழித்தலுக்குப் போகாதீர்கள்.

9. கையில் குச்சி வேண்டாம்

உடலால் தண்டிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது. “இரண்டு அடி போடுங்கள் சார், அப்போதுதான் படிப்பான்” என்று பெற்றோரே சொல்வார்கள். அவர்கள் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், பயந்த குழந்தை பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. ஐந்தாம் படியில் நீங்கள் எடுத்த கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

‘மக்கு’ என்ற சொல்லும் அடிதான். குழுக்களின் பெயரை வைத்து ஏளனம் செய்வதும் அப்படியே. ஒரு குழந்தை தொடர்ந்து இடைஞ்சல் செய்தால் முதலில் அவனுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். மிக எளிதாகவோ மிகக் கடினமாகவோ இருக்கும்.

குழந்தையின் உடலில் காயமோ திடீர் ஒடுக்கமோ தெரிந்தால் தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கல்வி தொடர்பான உதவிக்கு 14417. இரண்டையும் பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

10. வராத குழந்தை

இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் சொல்லி அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் குடும்பமே ஊரில் இருக்காது. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களில் பெற்றோர் வேலை தேடி வெளியே போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போவதுண்டு. போவதற்கு முன்பே தெரிந்தால், பாட்டியிடம் விட்டுச் செல்லும்படி பேசலாம். விடுதி வசதி கேட்கலாம். போகும் ஊரில் எந்த அரசுப் பள்ளியிலும் சேரலாம், மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றாவது சொல்லி அனுப்பலாம்.

தை, மாசியில் எருது விடும் விழா நடக்கும் நாளில் அந்த ஊர்ப் பையன்கள் வர மாட்டார்கள். அன்று புதிய பாடம் எடுக்காதீர்கள். மறுநாள் எருதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்; ஆண்டு முழுவதும் பேசாதவன் அன்று பேசுவான்.

11. பதிவேடுகள்

வருகையை முதலில் பதிவேட்டில், பிறகு செயலியில். சிக்னல் இல்லை என்று கைப்பேசியோடு வாசலில் நிற்கும் நேரம் குழந்தைகளின் நேரம். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தொகுப்பு) தொடர்பான மற்றப் பதிவுகளை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குச் சட்டம் குறிப்பிடும் வாரம் 45 மணி நேரத்தில் தயாரிப்பு நேரமும் அடங்கும். ஆகவே மறுநாளுக்கான அட்டைகளை எழுதுவதும் பணிதான், வகுப்பு நடக்கும்போது செய்ய வேண்டியதில்லை.

12. பெற்றோரும் பருவத்தின் கடைசி வாரமும்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தைக் கூலிக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தில் வையுங்கள். குறையில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு தாயிடமும் அவர் பிள்ளை இந்த மாதம் புதிதாகக் கற்ற ஒன்றைச் சொல்லுங்கள்; உங்கள் நோட்டில் அது இருக்கும். தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டால், “தினமும் இரவு அஞ்சு நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் அக்கா, சரியா தப்பா என்று பார்க்க வேண்டாம்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க ஆள் இருந்தால் குழந்தை வாசிக்கும்.

செப்டம்பரில், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) முந்தைய வாரம், ஐந்தாம் படியை அதே தாள்களோடு, அதே பாயில் மீண்டும் செய்யுங்கள். ஜூனில் எழுதியதற்குக் கீழேயே இதையும் தேதியோடு எழுதுங்கள். நகராத குழந்தை இருந்தால் அதற்குக் கற்பித்த முறையை மாற்ற வேண்டும்; அதே பாடத்தைச் சத்தமாக இன்னொரு முறை நடத்துவதால் பயன் வராது. நகர்ந்த குழந்தைகளை அடுத்த குழுவுக்கு மாற்றிவிட்டு, பருவ விடுமுறைக்குப் பூட்டும் முன் அந்த நோட்டின் ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இடமாறுதல் வந்து நீங்கள் போய்விட்டாலும், அடுத்து அந்தப் பாயில் உட்காரும் ஆசிரியர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.